வீட்டில் பிரித்து மாட்டிய ஹைட்ராலிக் கிளட்ச்: மறுபடி கழற்றும் முன் லீவரைப் பாருங்கள்

சேலம், பெங்களூரு, சென்னைச் சாலைகள் சந்திக்கிற ஊர் கிருஷ்ணகிரி. அதனால் இங்கே பட்டறை வைத்திருக்கும் எனக்கு, உள்ளூர் கேபிள் கிளட்ச் வண்டிகளோடு ஹயபூசா, டுகாட்டி மாதிரி, கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகளும் வரும். அவற்றில் பல, வீடியோ பார்த்து வீட்டிலேயே சிலிண்டர் சீல்களின் ரப்பர் கிட் மாற்றியவை. அதைக் குறை சொல்ல மாட்டேன். நிதானமாகச் செய்தால் செய்யக்கூடிய வேலைதான். லீவர் சரியாக வரவில்லை என்றதும் பதறிப்போய் மறுபடி எல்லாவற்றையும் கழற்றுகிறார்களே, அங்கேதான் புதிய சீலும் கிழிகிறது.

லீவர் தொளதொளவென்று போகிறது, வேகமாக நாலைந்து தடவை அடித்தால் கெட்டியாகிறது என்றால் உள்ளே ஏர் இருக்கிறது. கீழே, கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிள் (ஏர் வெளியேற்றும் திருகு) வழியாக எவ்வளவு ஆயிலை வெளியே விட்டாலும் சில வண்டிகளில் இது போகாது. காரணம் எளிது: ஏர் மேலேதான் ஏறும். லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் மாட்டுகிற பேஞ்சோ போல்ட்தான் பெரும்பாலும் உச்சி, குமிழி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஹேண்டில்பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை உயரத்தில் நிறுத்தி, ஹோஸை விரலால் தட்டிக்கொண்டே லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி விடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவில் சின்னச் சின்னக் குமிழியாக வெளியே வரும். அதற்கும் மசியாவிட்டால், சிரிஞ்சில் ஆயில் எடுத்துக் கீழ் நிப்பிள் வழியாக மேலே தள்ளலாம். டப்பா நிரம்பி டேங்க் மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

லீவரைப் பிடித்தபடி இருக்கும்போது மெல்ல மெல்ல ஹேண்டில் பக்கம் இறங்கினால் அது வேறு கதை. வெளியே ஒழுகல் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் கப் (பிஸ்டன் மேலுள்ள ரப்பர் சீல்) பிரஷரை நிறுத்தவில்லை. கப்பின் உதடு ஆயிலைத் தள்ளும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டவர்கள் உண்டு. பெட்ரோலில் கழுவி, இன்ஜின் ஆயில் தடவி மாட்டியவர்கள் அதைவிட அதிகம். டாட் 4 என்கிற பிரேக் ஆயில் ஊற்றும் வண்டியின் ரப்பருக்கு அது ஆகவே ஆகாது, ஊதிப்போகும். மாட்டும்போது தடவ வேண்டியது சீல் உடைக்காத புது பாட்டிலில் இருந்து எடுத்த அதே பிரேக் ஆயில்தான். சில ஐரோப்பிய வண்டிகளில் மினரல் ஆயில் வரும், அதில் டாட் 4 ஊற்றினால் அங்கே சீல் போகும். டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த வேலையில் ஆளை அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது கோளாறு. "அண்ணா, தெருவுல நல்லாத்தான் ஓடுது, தொப்பூர் கணவாய் ஏறும்போது இன்ஜின் கத்துது, வண்டி இழுக்கல" என்பார்கள். உடனே கிளட்ச் பிளேட் வாங்கிவிடுவார்கள். மாஸ்டர் சிலிண்டரில் டப்பாவுக்குப் போகும் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. லீவரை விட்டதும் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்து அந்த ஓட்டையைத் திறக்க வேண்டும். வெளியில் வாங்கிய லீவரோ அட்ஜஸ்ட்மென்ட்டோ பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தால், அல்லது பழைய கசடு அடைத்திருந்தால், ஓட்டை திறக்காது. இன்ஜின் சூட்டில் விரிகிற ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல், நீங்கள் தொடாமலேயே கிளட்சை அழுத்திப் பிடிக்கும். இன்ஜின் கத்தியும் வண்டி இழுக்காத கிளட்ச் சறுக்கல் அதனால்தான். சோதிப்பது சுலபம்: டப்பா மூடியைத் திறந்து லீவரை மெதுவாக அழுத்தத் தொடங்குங்கள், ஆயில் மேலே லேசாகத் துள்ள வேண்டும். கண்ணில் படாதபடி முகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். துள்ளவில்லை என்றால் லீவரில் சிறிதளவு ஃப்ரீ பிளே (பிஸ்டனைத் தள்ளும் முன் லீவர் சும்மா அசையும் இடைவெளி) இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஓட்டையைச் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று: பிரேக்கில் பேட் தேயத் தேய டப்பா லெவல் இறங்கும். கிளட்சில் பிளேட் தேயத் தேய லெவல் ஏறும், ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால். அதனால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

லீவர் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தும் கியர் விழும்போது வண்டி துள்ளுகிறது என்றால் ஹைட்ராலிக்கைத் தொட வேண்டாம். பிளேட் ஒட்டியிருக்கலாம், ஸ்லேவ் பிஸ்டன் தள்ளுகிற புஷ் ராட் சரியாக உட்காராமல் இருக்கலாம். எந்த நிலையிலும் முதல் சோதனையை நியூட்ரலில், பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்திச் செய்யுங்கள். ஷெட்டுக்குள் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால், கிளட்ச் விடாத வண்டி நேராகச் சுவரில் போய் நிற்கும்.

பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். ஸ்லேவ் சிலிண்டர் வண்டியிலிருந்து கழன்றிருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள், பிஸ்டன் வெளியே தெறிக்கும். சிலிண்டர் உள்ளே கீறலோ துருப் புள்ளியோ விரல் நகத்துக்குத் தட்டுப்பட்டால், எத்தனை ரப்பர் கிட் போட்டாலும் ஒழுகும். முழு சிலிண்டரையே மாற்றிவிடுங்கள்.