மஜரா: சொல் விளக்கம்

நிலப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும் இடத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாக இறங்கி வந்து, கடைசியில் ‘மஜரா’ என்றொரு சொல்லும் அதையடுத்து ஒரு சிறிய ஊரின் பெயரும் நிற்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். கிராமத்தின் பெயர் ஒன்றாகவும், தாம் நேரில் போய்ப் பார்த்த ஊரின் பெயர் வேறொன்றாகவும் இருப்பதால், வாங்குபவருக்கு ஐயம் எழுவது இயல்பே. வருவாய்த் துறைக் கணக்கில் தனிக் கிராமமாக எண்ணப்படாமல், மற்றொரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்கிய சிறு குடியிருப்புக்கே மஜரா என்று பெயர். அதற்கெனத் தனியாகப் புல எண் வரிசையோ, அடங்கல் என்னும் பயிர்க் கணக்கோ கிடையாது. எல்லாம் தாய்க்கிராமத்தின் பெயரில்தான் இருக்கும்.

சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. விதைத்தல், பயிரிடுதல் என்னும் பொருள் கொண்ட வேரோடு, இடத்தைக் குறிக்கும் ‘ம’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து ‘மஸ்ரஆ’ என்று ஆகிறது. (மதரசா, மசூதி ஆகிய சொற்களின் தொடக்கத்திலும் இந்த மகரமே நிற்கிறது: முன்னது பாடம் பயிலும் இடம், பின்னது தொழுது பணியும் இடம்.) ஆகவே மஜரா என்பதன் முதற்பொருள் விதைத்த நிலம் என்பதுதான், வீடும் தெருவும் அந்தச் சொல்லில் இல்லை. துருக்கியின் உதுமானியப் பேரரசு எடுத்த வரிக் கணக்கேடுகளில், நிலையாக ஆள் குடியிராமல் பயிர் மட்டும் செய்யப்பட்ட நிலம் இப்பெயரால் பதியப்பட்டது. இன்றைய துருக்கியிலோ ஓர் ஊரைச் சார்ந்த சிறு குடியிருப்புக்கு ‘மெஸ்ரா’ என்று பெயர். பயிரைக் காக்கவும் அறுக்கவும் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். நிலத்தின் பெயர் ஊருக்கு ஆகிவந்தது. வட இந்தியாவில் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம் எங்கும் மஜ்ரா என்று முடியும் ஊர்ப்பெயர்கள் காணக் கிடைக்கின்றன. தாலுகா, ஜில்லா, பசலி, ஜமாபந்தி ஆகியவற்றைப் போலவே இச்சொல்லும் முகலாயர் வழிவந்த வருவாய் நிர்வாகத்தின் பாரசீக நடையோடு தெற்கே வந்து, நவாபுகளின் கணக்கிலிருந்து கும்பினியாரின் (கிழக்கிந்தியக் கம்பெனியாரின்) கணக்குக்கு மாறி, இன்றைய பத்திரம் வரைக்கும் நீடித்திருக்கிறது.

தொழில் செய்யும் இடத்தின் பெயர் ஊர்ப்பெயராவது தமிழுக்குப் புதிதன்று. பட்டி என்பது முதலில் ஆடுமாடு அடைக்கும் இடம். கன்னடத்திலும் நீலகிரிப் படகர் பேச்சிலும் அதுவே ஹட்டி ஆகிறது. ஆனால் மஜராவுக்கு மிக நெருங்கிய உறவாக நான் கருதுவது வேதாரண்யம் வட்டாரத்துப் ‘புலம்’ என்னும் சொல்லைத்தான். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், கத்தரிப்புலம், செட்டிப்புலம், குரவப்புலம் என்று அங்கே ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முன்சொல் எதுவாயினும் பின்சொல் விளைநிலத்தையே குறிக்கிறது.

அந்த நிலத்தின் அமைப்பைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். கடல் பின்வாங்கிய காலத்தில் கரையோரமாகப் படிந்த மணல்மேடுகள் கடற்கரைக்கு இணையாக வரிவரியாக நீண்டு கிடக்க, மேட்டில் குடியிருப்பும் மா, தென்னை, சவுக்கு ஆகிய மரங்களும், மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்வில் நெல்லுமாக வாழ்க்கை அமைந்திருக்கிறது. காவிரிக் கரை ஊர்களைப் போல ஒரு கோயிலைச் சுற்றி நான்கு தெருவாக வீடுகள் நெருங்கி நில்லாமல், அவரவர் கொல்லைக்குள் அவரவர் வீடு என்று சிதறியே இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இப்பகுதியில் கரை கடந்தபோது மாவும் தென்னையும் சாய்ந்தது விளைநிலத்தின் இழப்பாக மட்டும் நிற்காமல் வீட்டுவாசலின் இழப்பாகவும் ஆனதற்கு இந்த அமைப்பே காரணம். இவ்வாறு சிதறிய ஊரைக் கணக்கில் பிரிப்பதற்கு அவ்வட்டாரத்தில் ‘சேத்தி’ என்ற சொல் வழங்குகிறது: ஆயக்காரன்புலம் இரண்டாம் சேத்தி, பஞ்சநதிக்குளம் நடுச்சேத்தி. சேர்த்தி என்பதன் பேச்சு வடிவம் இது என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது.

கொங்கு நாட்டில் இதே இடத்தை வலசு என்னும் சொல் நிரப்புகிறது. வலசை போதல் இடம்பெயர்தலாதலின், தாயூரை விட்டுப் பெயர்ந்து போய்த் தோட்டத்தையொட்டி அமைத்துக்கொண்ட குடியிருப்பு வலசு எனப்பட்டது. நாராயணவலசும் வெட்டுக்காட்டுவலசும் இன்று ஈரோடு நகரத்தின் பகுதிகளாகிவிட்டபோதிலும் பெயர் மாறவில்லை.

இனி, மஜரா என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் எது? பலரும் எழுதும் குக்கிராமம் பொருந்தாது. கிராமம் வடசொல் என்பதை விட்டாலும், முன்னிற்கும் ‘கு’ இழிவுப் பொருள் தருவது. குதர்க்கம், குயுக்தி என்பவற்றில் இருப்பதும் அதுவே. வடமொழியில் குக்கிராமம் என்றால் அற்பமான ஊர் என்றே பொருள்படும். தமிழ்நாட்டின் 12,524 ஊராட்சிகளில் 79,394 சிறு குடியிருப்புகள் உண்டு என்று ஊரகக் குடியிருப்புகளை மேம்படுத்த 2011இல் தொடங்கிய ‘தாய்’ திட்டத்தின்போது அரசு கணக்கிட்டது. இத்தனை ஊர்களில் வாழ்வோரையும் இழிவு ஒட்டிய ஒரு சொல்லால் குறிப்பது தேவையற்றது. அத்திட்டத்தின் முழுப்பெயரில் ‘குடியிருப்பு’ என்றே வைத்தார்கள். குற்றமற்ற சொல்தான், ஆனால் நகரத்து அடுக்குமாடிக்கும் அதுவே பெயராகிவிட்டதால் பத்திரத்தில் தெளிவு போதாது. சிற்றூர் என்பது எந்தக் கிராமத்துக்கும் பொருந்துமாகையால், ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கும் நிலையை அது காட்டாது. சோழர் கல்வெட்டுகளில் இவ்விடத்தில் வரும் பிடாகை வரலாற்று எழுத்துக்கு உகந்தது. இன்றைய வாசகருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மூலப்பொருளைக் கொண்டு பார்த்தால் புலமே சரியான இணை. ஆயினும் நில அளவையில் ‘புல எண்’ என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அச்சொல்லைக் கொடுத்துவிட்டதால், அதை மீண்டும் ஊருக்கு வைத்தால் பத்திரம் குழம்பும். எனவே வருவாய்த் துறையே வழங்கிவரும் ‘உட்கிடை’யைக் கைக்கொள்வதே நல்லது. உள்ளே கிடப்பது என்னும் நேர்ப்பொருளோடு, தாய்க்கிராமத்தில் அடங்கியது என்னும் சட்டப்பொருளும் அதில் தானாகவே வந்துவிடுகிறது. பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதியது எழுதுவோர் முதன்முறை ‘உட்கிடை (மஜரா)’ என்று இரண்டையும் சேர்த்து எழுதினால், மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சார்பதிவாளருக்கும் வில்லங்கம் பார்க்கும் வழக்கறிஞருக்கும் இரண்டும் ஒரே ஊர்தான் என்பது ஐயமின்றி விளங்கும்.