எண்ட்லிங்: ‘கடைசி வாரிசு’ அல்ல, எஞ்சுயிர்

கலைஞர் அலெக்சாண்ட்ரா டெய்சி ஜின்ஸ்பெர்க் 2019-இல் கணினித் திரையில் உலவவிட்ட வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பற்றித் தமிழில் மொழிபெயர்த்த ஒரு குறிப்பு படித்தேன். ‘அந்த இனத்தின் கடைசி வாரிசான சூடான்’ என்று இருந்தது. இதே தொடரை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது! 2018 மார்ச்சில் கென்யாவில் சூடான் இறந்தபோது அதன் மகள் நாஜினும் பேத்தி ஃபாட்டுவும் உயிரோடுதான் இருந்தன. சூடான் கடைசி ஆண், அவ்வளவே. வாரிசுகள் இருக்கும்போதே தாத்தாவுக்கு வாரிசுப் பட்டம்!

மொழிபெயர்ப்பாளர் மனத்தில் இருந்த ஆங்கிலச் சொல் ‘எண்ட்லிங்’. ஓர் இனத்தில் மிஞ்சிய ஒரே ஓர் உயிர் என்று பொருள். ‘எண்ட்’ முடிவு, ‘லிங்’ என்பது வாத்துக்குஞ்சைக் குறிக்கும் ‘டக்ளிங்’கில் வரும் விகுதி. 1996-இல் ‘நேச்சர்’ இதழுக்கு வந்த கடிதமொன்றில் முன்மொழியப்பட்டது. 2001-இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம், அழிந்துபோன விலங்கான டாஸ்மேனியப் புலி பற்றிய காட்சியில் இச்சொல்லை வைத்தது. பிறகு இசையமைப்பாளர் ஆண்ட்ரூ ஷுல்ட்ஸ் இதையே தலைப்பாக்கி இசைக்குழுவுக்கு ஒரு படைப்பு எழுதினார்.

‘வாரிசு’ அரபியிலிருந்து வந்தது என்பது என் குறையல்ல. பத்திரப் பதிவு முதல் சினிமா வரை அது நம் சொல்தான். வாரிசு என்றால் பெற்றுக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும். 1936 செப்டம்பர் 7-இல் ஹோபார்ட் விலங்குக்காட்சிச்சாலையில் செத்த, அறியப்பட்ட கடைசி டாஸ்மேனியப் புலி எதைப் பெற்றது? ஒரு கூண்டை. சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது, சாவதற்கு 59 நாள் முன்பு.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘இறுதியன்’ என்கிறார். தூய்மைக்குக் குறைவில்லை; திணைதான் கெட்டது. 1914-இல் சின்சினாட்டியில் இறந்த மார்த்தா, பயணப்புறாக்களில் கடைசி. பெட்டைப் புறாவுக்கு ஆண்பால் விகுதியா? ‘ஈற்றுயிர்’ என்றால் இலக்கண ஆசிரியர் சொல்லின் கடைசி உயிரெழுத்தைத் தேடுவார். மாடு வைத்திருப்பவர் கன்று ஈனும் கதை என்று நினைப்பார்.

நான் ‘எஞ்சுயிர்’ என்று எழுதுகிறேன். எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் உயிர்: வினைத்தொகை. பால் விகுதி தேவையில்லை, கேட்டவுடன் விளங்கும். ‘எச்சம்’ என்றே சொன்னால் போதாதா என்று நண்பர் கேட்டார். வள்ளுவரிடம் அது வழித்தோன்றலையும் குறிக்கும். எங்கள் மொட்டைமாடியில் வேறொன்றைக் குறிக்கும். மார்த்தாவைப் ‘பயணப்புறாவின் எச்சம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.