டிக்கெட் ஃப்ரீதான், ஆனா புதுசா வர்றது யாரு?

லண்டன்ல ஒரு மியூசியம் வாசல்ல நிக்கிற வேலை எனக்கு, 11 வருஷமாச்சு. பையைத் திறந்து காட்டச் சொல்லணும், தலைக்கு ஒரு தடவை கையில இருக்குற கவுண்டரை அமுக்கணும். இங்க டிக்கெட்டே கிடையாது, ஆனாலும் டிக்கெட் எங்க வாங்கணும்னு கேக்குற ஆளு இல்லாத நாளே இல்ல.

போன மாசம் ஈஸ்ட் ஹாம்ல இருந்து ஒரு அக்கா, ரெண்டு பிள்ளைங்களோட வந்தவங்க, நன்கொடைப் பெட்டி மேல "5 பவுண்ட்"னு போட்டிருக்குறதப் பாத்துட்டு படியிலயே நின்னுட்டாங்க. என் பேர் பேட்ஜைப் பாத்துட்டு மெதுவா, "தம்பி, ஆளுக்கு அஞ்சு பவுணோ?" இல்லக்கா, அது விரும்பினா போடுறதுன்னேன். "இருவது வருசமா இஞ்ச இருக்கிறன், காசு எண்டு நினைச்சுத்தான் வரேல்ல."

ஃப்ரீ ஆக்குனா கூட்டம் வருமான்னா, வரும். இங்க தேசிய மியூசியங்கள்ல 1999ல பிள்ளைகளுக்கு, 2000ல 60 தாண்டினவங்களுக்கு, 2001 டிசம்பர்ல எல்லாருக்கும் கட்டணத்த எடுத்தாங்க. முன்னாடி காசு வாங்கின இடங்களுக்கு அப்போ வருஷத்துக்கு 70 லட்சம் சொச்சம் பேர், பத்து வருஷத்துல அது கிட்டத்தட்ட 1.8 கோடி. ஆனா இந்தக் கவுண்டருக்கு தலைதான் தெரியும், ஆள் தெரியாது. ஒரே மனுஷன் நாலு தடவை வந்தா நாலு. கட்டணம் போன புதுசுல எடுத்த சர்வேயும் அதத்தான் காட்டுச்சு, கூடுன கூட்டத்துல பெரும்பங்கு படிச்ச, வசதியான, ஏற்கனவே மியூசியம் போற பழக்கம் உள்ளவங்கதான், அவங்க அடிக்கடி வர ஆரம்பிச்சாங்க அவ்ளோதான். (அதுக்காக திரும்ப டிக்கெட் போடுன்னு நான் சொல்லல! ஸ்வீடன்ல 2005ல ஃப்ரீ ஆக்கி, 2006ல ஆட்சி மாறினதும் 2007ல திரும்பக் காசு வாங்கி, 2016ல மறுபடி ஃப்ரீ ஆக்குனாங்க, பாவம் அந்த ஊர் ஜனங்க.)

நான் பாத்த வரைக்கும் டிக்கெட்ட விட பெரிய செலவு டிரெயினும் சாப்பாடும்தான். அதனால தெரிஞ்சுக்கோங்க, 11 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பெரியவங்களோட வந்தா டியூப்ல (லண்டன் சுரங்க ரயில்ல) காசு இல்ல, ஒரு ஆளோட நாலு பிள்ளை வரைக்கும். கஃபே விலையப் பாத்து பயப்படாதீங்க, வீட்டுச் சாப்பாட்ட உக்காந்து சாப்பிட சயின்ஸ் மியூசியத்துல தனி இடமே இருக்கு. ஸ்பெஷல் கண்காட்சிக்கு மட்டும் பல இடத்துல டிக்கெட் உண்டு, அத விட்டுட்டு மத்ததப் பாத்தாலே ஒரு நாள் பத்தாது. பிரிட்டிஷ் மியூசியத்துல ஆந்திராவோட அமராவதி புத்த ஸ்தூபியில இருந்து வந்த சிற்பங்களுக்குன்னு தனி ரூம் இருக்கு, அதே ஸ்தூபியோட இன்னொரு பங்கு நம்ம எழும்பூர் மியூசியத்துல.

அந்த அக்கா ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்தாங்க, இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரங்களையும் சேத்து ஏழு பேர். அதுல ஒரு அம்மா பெட்டியப் பாத்ததும் ஹேண்ட்பேக்கத் திறக்கப் போக, நான் வாயத் திறக்குறதுக்குள்ள இவங்களே சொல்லிட்டாங்க, "அது விரும்பினாத்தான், நீங்க வாங்கோ." நான் ஏழு தடவை அமுக்கினேன்.