சிவப்புத் தையலைப் பார்த்துக் கார் வாங்காதீர்கள்

"அண்ணா, கார் முடிவு பண்ணிட்டேன். கறுப்பு கலர், டர்போ. புக் பண்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டா போதும்" என்று போன மாதம் மேடவாக்கத்தில் இருந்து ஒரு தம்பி போன் செய்தார். கார் வாங்குகிறவர்களோடு ஷோரூமுக்குப் போய் வண்டியைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அதற்கு முன் பதினாறு வருடம் சென்னையில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன், அதனால் புது வண்டியைப் பார்த்தாலும் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு இது எப்படி வந்து நிற்கும் என்றுதான் மனசு முதலில் போகும்.

ஷோரூமில் அந்த வண்டி நிஜமாகவே அழகாக நின்றது. மேலே வரிசையாக விளக்குகள், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, முன் சக்கரத்தில் சிவப்பு பெயின்ட் அடித்த பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), உள்ளே கறுப்பு சீட்டில் சிவப்பு நூல் தையல். தம்பி சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய அம்மா பின் சீட்டில் ஏறப் போனார். ஒரு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைப் பிடித்து, காலை உள்ளே வைத்து, அப்புறம் நன்றாகக் குனிந்தும் நெற்றி கூரை விளிம்பில் பட்டுவிட்டது. "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். இறங்கும்போது முன் சீட்டின் முதுகைப் பிடித்து இழுத்துத்தான் எழ முடிந்தது, அவருக்கு முழங்கால் வலி இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த இரண்டு நிமிடத்தையும் தம்பி பார்க்கவே இல்லை.

இப்படி ஸ்போர்ட்டியாக வரும் செடான்களை, அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீட்டி நிற்கும் தாழ்வான கார்களை, நாம் கண்ணால் வாங்கிவிடுகிறோம். எட்டு, பத்து வருடம் அதோடு வாழப்போவது முதுகும் முழங்காலும் கையும். பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் எஸ்யூவிக்குப் போகிற காலத்தில் ஒருவர் செடான் கேட்கிறார் என்றால் அவருக்கு ஓட்டுவதில் ஆசை இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆசை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் அது தையலிலும் பெயின்ட்டிலும் வீணாகக் கூடாது என்று சொல்கிறேன்.

நம் பட்ஜெட்டில் கிடைப்பவை என்று பார்த்தால், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னாவின் 1.5 லிட்டர் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தி கூட்டுவது) 160 பிஎஸ், அதாவது குதிரைத்திறன் மாதிரி இன்ஜின் சக்தியின் அளவு, புனே பக்கம் சாக்கனில் இருந்து வரும் ஃபோக்ஸ்வேகன் வெர்டஸும் ஸ்கோடா ஸ்லாவியாவும் 1.5 டர்போவில் 150 பிஎஸ், டர்போ இல்லாத ஹோண்டா சிட்டி 121 பிஎஸ். எல்லாமே கிட்டத்தட்ட நாலரை மீட்டர் நீளம், எல்லாமே முன் சக்கரம் இழுக்கும் வண்டிகள். இந்த பிஎஸ் எண்ணை வைத்துத்தான் ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள். 2005-ல் மறைமலைநகரில் இருந்து வந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல் வெறும் 101 பிஎஸ்தான். அதை ஓட்டியவர்கள் இன்றும் அதன் ஸ்டீயரிங்கைப் பற்றிப் பேசுகிறார்கள், ஏனென்றால் முன் டயர் எதன் மேல் ஓடுகிறது என்பது அந்த ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கே தெரியும். வேகம் பிடிக்கிற பிக்கப் வேறு, திருப்பினால் சொன்னபடி கேட்கிற ஹேண்ட்லிங் வேறு.

சரி, வெளித்தோற்றத்துக்கு வருவோம். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், பார்க்கப் பிடிக்காத வண்டியை யாரும் ஒழுங்காகப் பராமரிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு அழகுக்கும் ஒரு விலை உண்டு, அது என்ன என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கூரை பின்னால் சரிந்தால் பின் சீட்டில் தலைக்கு இடம் குறையும், ஏறும்போது குனிய வேண்டும். முன் கண்ணாடி அதிகமாகச் சாய்ந்திருந்தால் அதன் பக்கத் தூண், ஏ பில்லர் என்போமே, அது கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருவதால் வலப்பக்கத் தூண் முகத்துக்கு மிக அருகில் இருக்கும். சந்திப்பில் வலது பக்கம் திரும்பும்போது சாலையைக் கடக்கிற ஒரு ஆளையோ ஸ்கூட்டரையோ அந்தத் தூண் முழுசாக மறைத்துவிடும். வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி எல்லாப் பக்கமும் டூ வீலர் நுழைகிற இடத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஷோரூமிலேயே ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, நண்பரை வண்டிக்கு முன்னால் வலது மூலையில் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள், எத்தனை அடிக்கு அவர் காணாமல் போகிறார் என்று பாருங்கள்.

அடுத்தது அடி தட்டுவது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி ஸ்பீட் பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது பெரும்பாலும் அதில் கால்வாசி அகலத்துக்கு, செங்குத்தாகக் கொட்டி வைத்த தார் மேடு. கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி, உதாரணமாக வெர்டஸுக்கு 179 மில்லிமீட்டர், ஆள் ஏறாத வண்டிக்கானது. ஐந்து பேர் உட்கார்ந்து டிக்கியில் பெட்டி வைத்தால் ஸ்பிரிங் அமுங்கும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வயிறு இறங்கும். செடானுக்கு வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், நீளம் என்பதால் அந்த நடுப்பகுதிதான் மேட்டில் உரசும். உங்கள் தெரு மேட்டில் நாலு பேரோடு ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி, அதுதான் நம் பையன்களை ரொம்ப உறுத்துகிறது. உடனே 18 இஞ்ச் அலாய் வீல் போடலாமா என்று கேட்கிறார்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம். 205/55 ஆர்16 என்றால் 16 இஞ்ச் ரிம்முக்கான டயர், அதன் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது ஏறக்குறைய 113 மில்லிமீட்டர். 225/40 ஆர்18 போட்டால் பக்கச் சுவர் 90 மில்லிமீட்டராகிவிடும். சாலைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த ரப்பரும் காற்றும் 23 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. மழை பெய்து தண்ணீர் மூடிய பள்ளத்தில் விழும்போது அந்த 23 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றியிருக்கும். இப்படி மாற்றிய ஒரு வண்டியைப் பெருங்குடியில் பார்த்தேன். முன் இடது டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு, உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. உரிமையாளர் அதே டயரில் திண்டிவனம் வரை போய் வந்திருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் வெடித்திருக்கும். நான் அங்கேயே நின்று ஸ்டெப்னியை மாட்டச் சொல்லி, அது முடிந்த பிறகுதான் கிளம்பினேன்.

சிவப்பு காலிப்பர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் வந்த வெர்டஸ் ஜிடியில் முன்னால் சிவப்பு காலிப்பர், பின்னால் பழைய வகை டிரம் பிரேக். இது ஆபத்து இல்லை, பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. நான் சொல்ல வருவது, பெயின்ட்டால் வண்டி ஒரு அடி கூட முன்னதாக நிற்காது என்பதுதான். வேகம் 40-ல் இருந்து 80 ஆனால் பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கான தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும், அங்கே காப்பாற்றுவது டயரும், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், வண்டி சறுக்காமல் பார்க்கும் இஎஸ்சியும், உங்கள் காலும்.

உட்புறத்தில் முதலில் சீட். இடுப்பைப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, தோள் சீட்டில் இருந்து எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். கிளட்சையோ பிரேக்கையோ முழுசாக அமுக்கியபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அமையவில்லை என்றால் அந்த சீட், அந்த ஸ்டீயரிங் உங்களுக்கு ஆகாது. ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகர்கிறதா, மேலும் கீழும் மட்டும்தானா என்று கேளுங்கள், உயரம் குறைந்தவர்களுக்கும் ரொம்ப உயரமானவர்களுக்கும் இது பெரிய வித்தியாசம். அப்புறம், பதினைந்து நிமிடம் எழுந்திருக்காமல் உட்காருங்கள். சேல்ஸ்மேன் பேசட்டும், நீங்கள் முதுகைக் கவனியுங்கள்.

மே மாதம் மதியம் ஒரு மணிக்கு வெளியே நிறுத்திய வண்டியில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? முழுக் கறுப்பு உட்புறம் போட்டோவில் ஜோராக இருக்கும், நம் வெயிலில் கையை வைக்க முடியாது. அதற்காக வெளிர் நிற டேஷ்போர்டும் பதில் இல்லை, உச்சி வெயிலில் அது முன் கண்ணாடியில் அப்படியே பிரதிபலித்துக் கண்ணைக் கூச வைக்கும். டேஷ்போர்டின் மேல்பக்கம் மங்கலான கருமை, சீட் வெளிர் நிறம் அல்லது காற்று வரும் சீட், இதுதான் சென்னைக்குச் சரி. ஏசிக்குத் திருகுகிற குமிழ் இருந்தால் நல்லது. தொட்டு நகர்த்தும் பட்டையாக இருந்தால் ஒரு டிகிரி குறைக்கவும் கண்ணைச் சாலையில் இருந்து எடுக்க வேண்டும்.

இனி டெஸ்ட் டிரைவ். ஷோரூம் காட்டும் ரூட் பெரும்பாலும் நல்ல சாலையில் இரண்டு கிலோமீட்டர், மூன்று முறை இடது பக்கம் திரும்பி வந்துவிடுவார்கள். அதில் எதுவுமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஷோரூம் திறந்ததும் போங்கள், உங்கள் ரூட்டைக் கேளுங்கள். கத்திப்பாரா பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மேம்பாலத்தின் வளைவு ஒரு நல்ல பரிசோதனைக்கூடம். சாலை காலியாக இருக்கும்போது முப்பத்தைந்து, நாற்பதில் நிதானமாக அந்தச் சுற்றில் ஏறுங்கள். ஸ்டீயரிங்கை ஒரே கோணத்தில் பிடித்தால் வண்டி அதே கோட்டில் போக வேண்டும், அடிக்கடி திருத்த வேண்டியிருந்தால் கவனியுங்கள். உடம்பு ஒரு பக்கம் சாய்வது சகஜம், அந்தச் சாய்வு மெதுவாக வந்து ஒரு இடத்தில் நிற்கிறதா, இல்லை சாய்ந்துகொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் வேகம் மிஞ்சினால் மூக்கு வளைவுக்கு வெளியே தள்ளும், அப்போது ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டாலே உள்ளே வந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள சாலையில் வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள். வேகத்தில் ஆசை உள்ளவர்களுக்கு 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது.

பாலத்தின் இணைப்புப் பட்டைகளில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு 'தட்' கேட்டு வண்டி அடங்கிவிட்டால் ஷாக் அப்சார்பர் வேலை செய்கிறது. தட்டிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடினால் அது நீளமான பயணத்தில் பின் சீட்டுக்காரர்களுக்குத் தலைசுற்றல். மதுரவாயல் பைபாஸில் எண்பதில் ஸ்டீயரிங் கனமாகி நிலையாக நிற்க வேண்டும், பார்க்கிங்கில் இருந்த அதே லேசு அங்கேயும் இருந்தால் எனக்குப் பிடிக்காது. பின்னால் யாரும் இல்லாத காலிச் சாலையில், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ஐம்பதில் இருந்து பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். காலடியில் படபடவென்று தட்டும், அது ஏபிஎஸ், பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. நிஜமான அவசரத்தில் அந்தத் தட்டலைக் கேட்டுக் காலை எடுத்தவர்களின் வண்டிகளை ஒர்க்‌ஷாப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டர்போ ஆட்டோமேட்டிக் எடுப்பவர்கள் ஓஎம்ஆர் நெரிசலில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். இந்த விலையில் வரும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை, அதாவது கிளட்ச் எண்ணெயில் நனையாதது, அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடாகும். முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, மொத்தமாக நகர்ந்து நிற்பதுதான் அதற்கு நல்லது.

அந்தத் தம்பியின் டெஸ்ட் டிரைவில் இன்னொன்று நடந்தது. பின் சீட்டில் இருந்த அம்மா முதல் தெருவிலேயே "முதுகு இடிக்குதுப்பா" என்றார். ஸ்போர்ட் வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சேல்ஸ்மேன் சொன்னார். எனக்கும் கொஞ்சம் அதிகமாகவே தோன்றியது. ஓரம் நிறுத்தச் சொல்லி, பையில் எப்போதும் வைத்திருக்கும் பிரஷர் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தால் நாலு டயரிலும் 43, 44 பிஎஸ்ஐ. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருந்தது. யார்டில் வாரக்கணக்கில் நிற்கும் புது வண்டிகளுக்கு டயர் ஒரே இடத்தில் அமுங்கிவிடாமல் இருக்கக் காற்றை அதிகமாக அடித்து வைப்பது வழக்கம், வந்ததும் குறைக்க வேண்டும், யாரும் குறைக்கவில்லை. அங்கேயே 33-க்கு இறக்கி, அதே தெருவில் அதே மேட்டில் ஏற்றினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் வழியாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பத்து பிஎஸ்ஐ காற்றால் ஒரு நல்ல சஸ்பென்ஷனுக்குக் கெட்ட பெயர் வரப் பார்த்தது.

ஆனால் நெற்றி இடித்தது இடித்ததுதான், அதற்குக் காற்று இறக்கினால் ஆகாது. தம்பியிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், அம்மா ஏறி இறங்குவதை ஒருமுறை நின்று பாருங்கள் என்று. பார்த்தார், முகம் மாறிவிட்டது. அப்புறம் நாங்கள் முன் பக்க சீட்டை முயற்சி செய்தோம். சில வேரியன்ட்டில் ஓட்டுநர் அல்லாத முன் சீட்டுக்கும் உயரம் ஏற்றும் லீவர் இருக்கிறது. அதை முழுசாக ஏற்றியதும் அம்மா நேராக உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார், எதையும் பிடிக்கவில்லை. தம்பி கேட்டிருந்த வேரியன்ட்டில் அந்த லீவர் இல்லை. அதற்காக சிவப்புத் தையல் இல்லாத, லீவர் இருக்கிற வேறொன்றுக்கு மாறினார்.

போன வாரம் வண்டி எடுக்கும் நாளில் ஷோரூமில் இருந்தே அழைத்தார். சாவி வாங்கும் முன்பே சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி வந்து பார்த்திருக்கிறார். "அண்ணா, நாலும் 42 இருந்துச்சு. இறக்கச் சொல்லிட்டேன், இப்ப 33. அம்மா முன்னாடி உக்காந்துட்டாங்க, கிளம்புறோம்."