வேறு சிப்புக்கு எழுதிய மென்பொருள் எப்படி ஓடுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “வீட்டில் சும்மா கிடக்கும் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியை டிவியில் மாட்டி, என் சைக்கிள் பயிற்சிக் கணக்குகளை கோல்டன் சீட்டாவில் பார்க்கலாம் என்று நினைத்தேன். லினக்ஸ் கோப்பைத்தான் இறக்கினேன். திறந்தால் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா சார்?”

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அது இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்கான எக்ஸ்86 கட்டளைகளில் இருக்கிறது. ராஸ்பெரி பையில் இருப்பதோ வேறு கட்டளைகள் கொண்ட ஆர்ம் சிப். லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரல் கோப்பின் 19-வது பைட்டிலும், எந்தச் சிப்புக்கானது என்று ஓர் எண் எழுதியிருக்கும். 64 பிட் எக்ஸ்86 என்றால் 62, 64 பிட் ஆர்ம் என்றால் 183. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த எண்ணைப் பார்த்ததும், இது நம் வீட்டுக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆனால் கெர்னலிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்: 62 என்று வந்தால் திருப்பாதே, இந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடு என்று. ஃபப்ரிஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட க்யூஈஎம்யூ அப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர். பாக்ஸ்64 இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

ஒவ்வொரு கட்டளையாக எடுத்து, அர்த்தம் பார்த்து, அதைச் செய்து, அடுத்ததற்குப் போவது ஒரு வழி. அது பொறுமையைச் சோதிக்கும். எக்ஸ்86 கட்டளை ஒரு பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. 64 பிட் ஆர்மில் எல்லாமே 4 பைட். அதனால் க்யூஈஎம்யூ ஒரு பத்தியாக எடுத்துக்கொள்கிறது. வேறு இடத்துக்குத் தாவும் கட்டளை வரும்வரை படித்து, அந்தப் பத்தி முழுவதையும் ஆர்ம் கட்டளைகளாக எழுதி, நினைவகத்தில் பத்திரப்படுத்துகிறது. அடுத்த முறை அதே பத்தி வந்தால் மொழிபெயர்ப்பு கிடையாது, எழுதி வைத்ததே ஓடும்.

இதன் பலனைச் சைக்கிள் கணக்கிலேயே பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டினால், நொடிக்கு ஒன்று வீதம் 3600 பவர் எண்கள் (பெடலை மிதிக்கும் திறன், வாட் கணக்கில்). பயிற்சி எவ்வளவு கடுமையாக இருந்தது என்று அறிய ஆண்ட்ரூ காகன் வகுத்த முறையில், 30 நொடிக்கான நகரும் சராசரியை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரிக்கு நான்காம் மூலம் காண்கிறோம். இதைச் செய்யும் சுழற்சி சில கட்டளைகள்தான். மொழிபெயர்ப்புக்கு ஆகும் செலவு ஒரே ஒரு முறை. மீதி ஆயிரக்கணக்கான சுற்றுகள் எழுதி வைத்ததிலேயே ஓடிவிடும். முதல் தடவை ஒரு திரையைத் திறக்கும்போது இழுத்து, அடுத்த தடவை சட்டென்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஒரு பத்தி முடிந்ததும் அடுத்த பத்தி எங்கே என்று யார் சொல்வது? ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பிப் போய்க் கேட்டால் அதிலேயே நேரம் போய்விடும். அதனால் முதல் முறை கேட்டுத் தெரிந்துகொண்டதும், பத்தியின் கடைசிக் கட்டளையையே திருத்தி, அடுத்த பத்தியின் முகவரியை அங்கே எழுதிவிடுகிறது. பூ தொடுப்பதுபோல் பத்திகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கொஞ்ச நேரத்தில் அந்தச் சுழற்சிக்குள் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இருப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஓடியபடியே தன் பாதையைச் செப்பனிடுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது பிரமிப்புதான்.

ஆப்பிள் 2020-இல் எம்1 சிப்போடு தந்த ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பாளர் இன்னும் ஒரு படி மேலே போய், முடிந்தவரை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துவிடுகிறது.

இந்த வித்தை எட்டாத இடம் டிரைவர், அதாவது ஒரு கருவியோடு பேச உதவும் நிரல். அது கெர்னலுக்குள் உட்கார வேண்டியது. ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் கணினியில் எக்ஸ்86 மென்பொருள் ஓடும், எக்ஸ்86 டிரைவர் ஏறாது. மார்பில் கட்டும் இதயத்துடிப்பு பெல்ட்டின் சிக்னலை வாங்கும் ஆன்ட் பிளஸ் யூஎஸ்பி குச்சிக்கு ஆர்ம் டிரைவர் இல்லையென்றால், திரை அழகாகத் திறக்கும், துடிப்பு மட்டும் வராது.

மனிதர் எழுதிய மூல நிரல் கையில் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம், புதிய சிப்புக்கு மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது அந்தச் சிப்பின் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளலாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சென்னை ஐஐடி ‘சக்தி’ பிராசசர்களை ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பில் வடிவமைத்திருக்கிறது. அதன் எண் 243. அந்த எண்ணோடு எத்தனை மென்பொருள் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சிப் மக்கள் மேசைக்கு வரும். சிப் வடிவமைக்கப் பணம் ஒதுக்கும்போது, மென்பொருளை அதற்கு மாற்றி எழுதும் மாணவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட நண்பருக்கு: கோல்டன் சீட்டா திறந்த மூல மென்பொருள். அதற்கு வேண்டிய க்யூடி நூலகங்களை நிறுவி, ராஸ்பெரி பையிலேயே கம்பைல் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், சிப் சூடாகும், சின்ன ஃபேன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கோர்களையும் ஒன்றாக ஓட்டினால் ரேம் போதாமல் போகலாம், இரண்டு போதும். அப்புறம், உருவான கோப்பை, பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து 19-வது பைட்டைப் பாருங்கள். 64 பிட் இயங்குதளம் என்றால் பி7 என்று இருக்கும். அதுதான் 183.