முந்நூறு பேரை இணையத்தில் அலையவிட்டால்

ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஊரில் மிட்டாய்க்கடை வைத்திருக்கிறார், கடைக்கு ஓர் இணையதளமும் உண்டு. கூகுளில் 'அதிரசம்' என்று தேடினால் அது நாலாவது பக்கத்தில்தான் வருகிறதாம். நியூமராலஜி பார்ப்பவர் ஒருவர், தளத்தின் பெயரில் இன்னொரு 'ஏ' சேர்த்தால் முதல் பக்கத்துக்கு வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். "சேர்க்கலாமா சார்?"

பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

நாம் தேடும் நொடியில் தேடுபொறி இணையம் முழுக்க ஓடுவதில்லை. அதன் நிரல்கள் லிங்க்கைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஏறி இறங்கி, எல்லாவற்றையும் முன்கூட்டியே நகலெடுத்து வைத்திருக்கும். அப்புறம் அந்த நகல்களுக்கு ஒரு சொல்லடைவு தயாராகும். எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற பட்டியல், அவ்வளவுதான். (தமிழில் இது கூடுதல் தலைவலி. அதிரசத்தை, அதிரசங்களுக்கு, அதிரசமும் எல்லாம் ஒரே பண்டம்தான் என்று இயந்திரத்துக்குப் புரியவைக்க வேண்டும்.)

சரி, அந்தச் சொல் ஆயிரக்கணக்கான பக்கங்களில் இருந்தால் எதை முதலில் காட்டுவது? தொண்ணூறுகளில் பெரும்பாலும் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். நம்மைப் போன்றவர்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தார்கள்.

1996 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் (பின்னாளில் கூகுளைத் தொடங்கியவர்கள்) வேறு வழியில் யோசித்தார்கள். ஒரு பக்கம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. ஆனால் சிபாரிசு செய்பவர் யார்? அவருக்கு எவ்வளவு மதிப்பு? அது அவரைச் சிபாரிசு செய்தவர்களைப் பொறுத்தது. அவர்களுடைய மதிப்பு? கோழியா முட்டையா கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் எனக்குப் பிடித்த இடம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த இணையமே மூன்று பக்கங்கள்: அ, ஆ, இ. அ-விலிருந்து ஆ-வுக்கும் இ-க்கும் லிங்க் உண்டு. ஆ-விலிருந்து இ-க்கு மட்டும். இ-யிலிருந்து அ-வுக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் 100 பேரை நிறுத்துங்கள். மணி அடித்ததும் எல்லோரும் ஏதாவது ஒரு லிங்க் வழியாக அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். இரண்டு லிங்க் இருந்தால் பாதிப் பாதி.

முதல் மணிக்குப் பின் 100, 50, 150. இரண்டாவதில் 150, 50, 100. மூன்றாவதில் 100, 75, 125. அடித்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் மெல்ல அடங்கி 120, 60, 120-இல் நிலைக்கிறது. ஆட்கள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் தலைக்கணக்கு மாறாது. 300 பேரையும் ஆ-வில் அடைத்துத் தொடங்கினாலும் இதே எண்கள்தான் வரும். போட்டுப் பாருங்கள். அந்தத் தலைக்கணக்குதான் பக்கத்தின் மதிப்பு. அ, ஆ இரண்டுக்கும் வருவது ஒரே ஒரு லிங்க்தான். ஆனாலும் அ-வுக்கு இரட்டிப்பு மதிப்பு. ஏனென்றால் கூட்டம் நிறைந்த இ, தன் ஆட்கள் மொத்தப் பேரையும் அதற்கு அனுப்புகிறது.

ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கங்கள் தங்களுக்குள் மட்டும் லிங்க் கொடுத்துக்கொண்டால் உள்ளே போனவர் அபிமன்யுதான், வெளியே வர வழி தெரியாது. அதனால் ஒவ்வொரு மணிக்கும் 100-இல் 85 பேர்தான் லிங்க் வழியாகப் போவார்கள். மீதி 15 பேர் அலுத்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தில் குதிப்பார்கள். இப்படிச் செய்தபோது 32 கோடியே 20 லட்சம் லிங்க் கொண்ட வலைகூட சுமார் 52 சுற்றுகளில் அடங்கிவிட்டது. இதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். அந்தப் 'பேஜ்' பக்கத்தையும் குறிக்கும், லாரியையும் குறிக்கும்.

அடுத்து எங்கே போவோம் என்பது இப்போது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்ற இந்தக் கணிதம், ரஷ்யக் கணித அறிஞர் ஆந்த்ரே மார்க்கோவுடையது. 1913-இல் அவர் புஷ்கினின் 'யெவ்கெனி ஒனேகின்' கவிதை நாவலில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின் உயிர் வருகிறதா மெய் வருகிறதா, மெய்யெழுத்துக்குப் பின் எது வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். இன்று நம் ஊரில் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழு முன் அப்படி ஒரு திட்டத்தோடு போய் நின்றால் டீகூடக் கிடைக்காது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தந்தது. பேஜ்ரேங்க் காப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுத்ததற்கு ஈடாகப் பெற்ற கூகுள் பங்குகளை விற்றதில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2005-க்குள் 33 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

இன்றைய கூகுள் வேறு பலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆனாலும் லிங்க்குக்கு மவுசு போய்விடவில்லை. மிட்டாய்க்கடைக்காரரே, இப்போது உங்கள் விஷயம். 'ஏ' சேர்த்தால் அது புது முகவரி. இத்தனை நாளாக உங்களுக்குக் கிடைத்த லிங்க் எல்லாம் பழைய முகவரியைத்தான் காட்டும். அங்கிருந்து திருப்பிவிட ஏற்பாடு செய்யவில்லை என்றால், வருகிற ஆட்கள் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடை அதிரசத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.