பீட் என்றால் கரி இல்லை

காற்றாலை கட்டுமானம் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் போன வாரமும் 'peat slide risk assessment' என்பதற்கு அதே 'முற்றா நிலக்கரிச் சரிவு இடர் மதிப்பீடு'. கூட இருந்து படித்த குன்னூர் நண்பர், நெய்வேலி மாதிரி எங்கேயாவது சுரங்கம் இடிந்துவிட்டதா என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

பீட் என்பது சதுப்பில் செடிகொடிகள் பாதி மட்கிச் சேர்ந்த மண். ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய லத்தீன் ஆவணங்களில் இருந்து வந்த சொல், எரிக்க வெட்டியெடுத்த மண்கட்டி என்று பொருள். அடுப்பு மூட்டுகிறவர்கள் வைத்த பெயர் அது. சரி, அவர்களுக்குக் கரி பொருந்தும். மலைச்சரிவில் காற்றாலையும் சாலையும் போடுகிறவருக்கு அது எரியுமா என்பதா கவலை? அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குவரை தண்ணீர், அடியில் இருக்கும் களிமண்ணை விட்டு மொத்தமாக வழுக்கிக்கொண்டு போய்விடும், அதுதான் கவலை. 2003 அக்டோபரில் அயர்லாந்தின் டெரிபிரையனில் காற்றாலை வேலை நடக்கும்போதே அப்படிப் போய் ஆற்றில் இறங்கியது, மீன்கள் கூட்டமாகச் செத்தன. சுற்றுச்சூழல் மதிப்பீட்டைச் சரியாகச் செய்யாததற்காக 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த நாட்டுக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. இதில் நிலக்கரி எங்கே வந்தது? பல கோடி ஆண்டு கழித்து ஆகப்போவதை இப்போதே பெயராக வைப்பது, பாலை 'உருகா நெய்' என்பது போல.

நீலகிரியில் சாண்டிநல்லா பக்கம் சதுப்பில் கால் வைத்துப் பாருங்கள், தரை மெத்தை மாதிரி அமுங்கித் தண்ணீர் கசியும். ஒரு பிடி அள்ளினால் கறுப்புதான், ஆனால் புல்லின் வேர் நார் நாராக அப்படியே தெரியும். பாதிதான் மட்கியிருக்கிறது. கள ஆய்விலும் இதையேதான் செய்கிறார்கள்: கையில் பிழிந்து, வடிகிற நீரின் நிறத்தையும் விரலிடுக்கில் பிதுங்குவதையும் பார்த்து, எவ்வளவு மட்கியது என்று 1 முதல் 10 வரை மதிப்பிடுவார்கள். ஸ்வீடன்காரர் லென்னார்ட் வான் போஸ்ட் வகுத்த அளவுகோல். அளப்பது மட்குதலை, பெயரில் மட்டும் கரியா?

அதனால் என் சொல் 'அரைமட்கு'. வெறும் 'மட்கு' முழுக்க மட்கிய உரத்துக்குப் போய்விட்டது, அதனால் 'அரை' வேண்டும். பீட் என்றே விட்டுவிடலாம் என்பவர்கள் ஊட்டி நர்சரிகளில் கேட்டுப் பார்க்கட்டும், கோகோபீட் மூட்டையைத்தான் காட்டுவார்கள், அது தேங்காய் நார்த்தூள். 'சரிவு' என்று மொட்டையாக எழுதுவதையும் விடுங்கள், மலையின் சாய்வுக்கும் அதே சொல்தான், ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் தவிப்பார். இங்கே மழைக்காலத்தில் எல்லார் வாயிலும் வருவது மண்சரிவு. அரைமட்கு மண்சரிவு என்று எழுதினால் குன்னூர் நண்பர் நெய்வேலிக்குப் போகமாட்டார்.